டர்போவைக் கழற்றும் முன்

மேல்மலையனூரில் மெக்கானிக்காக இருப்பவனுக்கு மாதத்தில் ஒரு ராத்திரி தூக்கம் கிடையாது. அமாவாசை நள்ளிரவில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். சென்னை, வேலூர், புதுச்சேரி, பெங்களூரு என்று பல ஊர் வண்டிகள் வந்து காலி நிலங்களில் நிற்கும். குடும்பம் சாமி பார்த்துத் திரும்பும்வரை டிரைவர் ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே படுத்திருப்பார். இன்ஜின் ஐடிலிங்கில் ஓடிக்கொண்டிருக்கும். விடியற்காலையில் கிளம்ப ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை. உடனே என் ஷெட்டுக்கு ஓடி வருவார்: “அண்ணே, டர்போ போச்சுண்ணே!”

பெரும்பாலும் போயிருக்காது. டர்போவின் தண்டில் இருக்கும் சீல் ரப்பர் அல்ல, பிஸ்டன் ரிங் மாதிரி ஒரு மெல்லிய வளையம். உள்ளே காற்றின் அழுத்தம் இருந்தால்தான் அது ஆயிலை ஒழுங்காகத் தடுக்கும். மணிக்கணக்கில் ஐடிலிங்கில் நின்றால் அந்த அழுத்தமே இருக்காது, ஆயில் கொஞ்சம் கசிந்து தேங்கும். அப்படி வருகிற வண்டிகளில் நான் பானெட்டைக்கூடத் திறப்பதில்லை. “செஞ்சி வரைக்கும் நல்லா இழுத்து ஓட்டிப் பாருங்க. அதுக்குள்ள புகை நிக்கலன்னா போன் பண்ணுங்க” என்று அனுப்பிவிடுவேன்.

நிற்காத புகை வேறு. அதற்கு முதலில் நிறம் பார்க்க வேண்டும், நிறத்தைவிட நேரம் பார்க்க வேண்டும். மேடேறும்போது கறுப்பாகத் தள்ளினால் காற்று போதவில்லை: இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். எந்நேரமும் வெள்ளையாக வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். குளிர்ந்த காலையில் மட்டும் வெள்ளையாக, கண் எரிகிற நெடியோடு வந்து, சூடானதும் நீலமாக மாறினால்தான் எனக்குக் கவலை. எரியாத டீசல் காலையிலும் எரிகிற ஆயில் பகலிலும் வெளியே வருகின்றன. டர்போ மட்டும் கெட்ட வண்டி காலையில் அப்படி வெள்ளைப் புகை விடாது.

அப்படி வந்த ஒரு டிசையர் டாக்ஸியைச் சொல்கிறேன். 1.3 லிட்டர் டீசல், ஃபியட் வடிவமைத்த 1248 சிசி இன்ஜின். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. ஆனாலும் எங்கள் பக்கத்து டாக்ஸிகளில் அந்த இன்ஜின் இன்னும் ஓடுகிறது. வேறொரு ஊரில் புது டர்போ மாட்டியிருந்தார்கள். ஒரு மாதம் போவதற்குள் மறுபடி அதே புகை. “டூப்ளிகேட் டர்போவைப் போட்டு ஏமாத்திட்டாங்கண்ணே” என்றார் டிரைவர். பழைய டர்போ டிக்கியிலேயே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் மிகச் சிறிய ஆட்டம். அது ஆயில் படலத்துக்கான இடைவெளி, இருக்கத்தான் வேண்டும். முன்னும் பின்னுமாக இழுத்தால் ஆட்டமே இல்லை. அந்த டர்போ நன்றாகத்தான் இருந்தது. காற்றை இழுக்கும் ஃபேனின் இறகு முனைகள் மட்டும் அராவியது போலத் தேய்ந்திருந்தன.

தூசி! ஏர் ஃபில்டர் புதிதாக இருந்தது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே போகும் ஹோஸின் அடிப்பக்கம், கை விட்டுத் தடவினால்தான் தெரிகிற இடத்தில் கிழிசல். எங்கள் பக்கம் கருங்கல் பூமி, குவாரி லாரிகள் ஓடும் சாலை. ஒரு சிறிய டர்போ முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த இழுப்பில் கிழிசல் வழியாகப் புகுந்த கல்தூள் இறகைத் தேய்த்துவிட்டு, நேராக சிலிண்டர் போருக்குள் போய் ரிங்கையும் தேய்த்திருக்கிறது.

இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகிக் கழற்றி, அந்த வாய் மேலேயே சும்மா வைத்தேன். நல்ல இன்ஜினில் மூடி லேசாக அதிர்ந்துகொண்டு கிடக்கும். இதில் துள்ளிக் கீழே விழுந்தது. பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயு. சில வண்டிகளில் பிரீதர் குழாய் கசடு பிடித்து அடைத்திருந்தாலும் இப்படித் துள்ளும், அதனால் அதைக் கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி பார்த்தேன். துள்ளல் குறையவில்லை.

புது டர்போ ஏன் புகைந்தது என்பதற்கு இங்கேதான் பதில். டர்போவுக்கு ஆயில் பம்ப்பின் அழுத்தத்தோடு வருகிறது. திரும்பி ஆயில் சேம்பருக்குப் போவதோ தன் எடையால் வழிந்துதான். ரிங் தேய்ந்து, எரிந்த வாயு கீழே இறங்கிச் சேம்பரை நிரப்பிவிட்டால் அந்த ஆயிலுக்கு இறங்க வழியில்லை. தேங்கி, இரண்டு பக்கச் சீல் வழியாகவும் பிதுங்கும். எத்தனை டர்போ மாற்றினாலும் பிதுங்கும். ரிங்கைத் தாண்டி மேலே ஏறி எரிகிற ஆயில் தனிக் கணக்கு.

டிரைவர் நம்பவில்லை. “இன்ஜின்ல கோளாறுன்னா இப்படி இழுக்குமாண்ணே?” நியாயமான கேள்வி. இழுக்கும், டர்போ இருப்பதால். டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 17, 18 மடங்கு நெருக்கும்போது அது 500 டிகிரிக்கு மேல் சூடாகி, பீய்ச்சும் டீசலைத் தானே பற்றவைக்கிறது. ரிங் வழியாகக் காற்று கசிந்தால் அந்தச் சூடு வராது. ஆனால் ஹைவேயில் டர்போ கூடுதல் காற்றைத் திணித்து அந்தக் குறையை மறைத்துவிடும். காலையில் செல்ஃப் அடிக்கும்போது டர்போவின் உதவி இல்லை; இன்ஜினின் உண்மையான பலம் அப்போதுதான் தெரியும்.

ஓட்டிப் பார்க்கும் முன் இன்டர்கூலரின் கீழ் ஹோஸைக் கழற்றி ஆயிலை வடித்தேன். இதை யாரும் விட்டுவிடக் கூடாது. தேங்கிய ஆயில் மொத்தமாக உள்ளே போனால் டீசல் இன்ஜின் அதையே எரித்துத் தானாக ரேஸ் ஆகும். சாவியை எடுத்தாலும் நிற்காது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்துக் கிளட்சை விட வேண்டும். இல்லையென்றால் காற்று போகும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையை வைக்கவே கூடாது.

பிறகு கம்ப்ரஷன். பெட்ரோல் வண்டியின் கேஜ் இதற்குத் தாங்காது. இன்ஜின் சூடாக இருக்கும்போதே நான்கு ஹீட்டர் பிளக்குகளையும் கழற்றினேன். இதில் அவசரம் உதவாது. ஒரு பிளக் ஹெட்டுக்குள் உடைந்தால் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். டீசல் பீய்ச்சாதபடி இன்ஜெக்டர் வயர்களைக் கழற்றிவிட்டு, முழு சார்ஜ் உள்ள பேட்டரியால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் சுற்றவிட்டேன். 400 பிஎஸ்ஐ பக்கம் காட்ட வேண்டியது நான்கிலும் 300-க்குக் கீழே, மூன்றாவதில் 240.

பெட்ரோல் இன்ஜினில் இந்தக் கட்டத்தில் கொஞ்சம் ஆயிலை ஊற்றி மறுபடி அளப்போம். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். டீசலில் எனக்கு அந்தச் சோதனையில் நம்பிக்கை இல்லை. இந்த இன்ஜினில் பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சுகிற இடம் சுமார் 19 மில்லிதான். அதில் ஒரு கரண்டி ஆயில் ஊற்றினால் இடம் குறைந்தே அழுத்தம் ஏறிவிடும். அதிகம் ஊற்றினால் கனெக்டிங் ராடே வளையும். அதற்குப் பதில் பிஸ்டனை மேலே நிறுத்தி, கம்ப்ரசர் காற்றைச் செலுத்திக் காதால் கேட்கிறேன். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். இதில் நான்கு சிலிண்டருக்கும் ஆயில் ஊற்றும் வாயில்தான் சீறியது: ரிங்தான்.

போரை லேத் பட்டறையில் கொடுத்து ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங்குக்குத் தகுந்தபடி கடைந்து ஹோனிங் செய்தோம். இன்டர்கூலரைக் கழுவினோம், ஹோஸை மாற்றினோம். ஒரு மாத டர்போவையே திரும்ப மாட்டினோம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

மாட்டியவுடன் நான் கம்ப்ரஷன் எடுப்பதில்லை. புது ரிங் போரில் அமர வண்டி பாரத்தோடு ஓட வேண்டும். 1000 கிலோமீட்டர் ஓடி முதல் ஆயில் மாற்ற வரும்போது எடுக்கிற அளவுதான் கணக்கு. நான்கு எண்களையும் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி ஆர்.சி. உறைக்குள் வைத்துவிடுவேன். அடுத்து எந்த ஊர் மெக்கானிக் பானெட்டைத் திறந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு அவர் கையில் இருக்கும்.