அட்டையை நம்பலாமா?

கோச்சடையில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நாலு ஹார்டு டிஸ்குகள். காலஞ்சென்ற அம்மா பாடிய பாட்டுகளெல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. ஒன்று போனாலும் மற்ற மூன்றும் காப்பாற்றும் இந்த ஏற்பாட்டுக்கு ‘ரெய்டு’ என்று பெயர். 1988-ல் பர்க்லி சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் உலகுக்கு எடுத்துச் சொன்னது.

இதற்கென்று தனிக் கண்ட்ரோலர் கார்டு வாங்கலாமா என்று யோசித்தேன். பாட்டரி வைத்த கார்டு கெட்டிக்காரப் பிள்ளை. மின்சாரம் திடீரென்று நின்றாலும் எழுதவேண்டியதை மறக்காது. ஆனால் கார்டே கண்ணை மூடிவிட்டால்? பெரும்பாலும் அதே ரகக் கார்டு கிடைக்கும்வரை டிஸ்குகள் மௌன விரதந்தான்! லினக்ஸிடம் பொறுப்பை விட்டால், லினக்ஸ் உள்ள வேறு கம்ப்யூட்டரிலும் அவற்றைத் திறந்துகொள்ளலாம்.

ஆகவே கார்டு வேண்டாமென்று தீர்மானித்தேன். மிஞ்சிய பணத்தில் இன்னொரு டிஸ்க் வாங்கி, நகல் எடுத்துத் தங்கை வீட்டுப் பீரோவில் வைத்தாயிற்று. கை தவறி ஒரு பாட்டை அழித்தால், ரெய்டும் கூடவே அழித்துவிடும், அம்மணிகளே! பீரோ அப்படிச் செய்யாது.