புஷ் எடுத்த முடிவும் எங்கள் கிளிக்கர் கணக்கும்

என் பாஸ்போர்ட்டில் ஈராக் போகச் செல்லாது என்று முத்திரை குத்தியிருந்தது. 2004இல் இந்திய லாரி டிரைவர்கள் மூன்று பேரை அங்கே கடத்தி வைத்திருந்தார்களே, அதற்குப் பிறகு நம் அரசாங்கம் போட்ட தடை. குவைத்தில் சமையல் வேலை என்று சொல்லித்தான் ஏஜென்ட் அனுப்பினான். இறங்கியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சம்பளம் கூட, ஆனால் எல்லை தாண்ட வேண்டும் என்றார்கள். ஊரில் வட்டிக்கு வாங்கிய கடன் இருந்தது. தாண்டினோம்.

பாக்தாதுக்கு வடக்கே பலாத். அமெரிக்கர்கள் அனகோண்டா என்று பெயர் வைத்திருந்த பெரிய விமானப்படைத் தளம். அடிக்கடி மோர்ட்டார் விழும் என்பதால் சிப்பாய்கள் அதை ‘மோர்ட்டாரிட்டாவில்’ என்று கேலி பேசுவார்கள். எனக்கு வேலை அவர்களுடைய சாப்பாட்டுக்கூடத்தில். வாசலில் ஒருவன் கிளிக்கரோடு உட்கார்ந்து தலைக்கு ஒரு அழுத்து அழுத்துவான். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் முட்டையும் கோழியும் குளிர்பெட்டியிலிருந்து இறங்கும்.

2007 ஜனவரி 11 விடியற்காலை ஐந்து மணிக்கு, காலைப் பந்தி தொடங்கும் முன், சுவர் டிவியில் அமெரிக்க ஜனாதிபதி புஷ் பேசினார். வாஷிங்டனில் அப்போது முந்தின நாள் இரவு. தவறு நடந்திருந்தால் பொறுப்பு என்னுடையது என்றார். அடுத்த மூச்சில், இன்னும் 20,000 பேருக்கு மேல் அனுப்புகிறேன், பெரும்பகுதி பாக்தாதுக்கு என்றார். முந்தைய ஆண்டு சமாராவில் தங்கக் குவிமாட மசூதியைத் தகர்த்ததிலிருந்து ஷியாவும் சன்னியும் தெருத்தெருவாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். படையைக் குறைக்கும் வழியைப் பார்க்கச் சொல்லி, ஈராக் போரை ஆராய்ந்த பேக்கர்–ஹாமில்டன் குழு கொடுத்த அறிக்கைக்கு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மனிதர் நேர் எதிராகப் போனார். ஓட்ஸ் கிண்டிக்கொண்டிருந்த சூப்பர்வைசர் கேட்டது ஒன்றுதான்: “அப்போ ரைஸ் எத்தனை மூட்டை கூட வேணும்?”

கிளிக்கர் எண் ஏறியது. ஆனால் அந்தக் கூடம் உண்மையில் மாறியது ஏப்ரலில். 12 மாதத்தில் வீடு திரும்ப வேண்டிய ராணுவத்தார் இனி 15 மாதம் இருக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சர் கேட்ஸ் அறிவித்தார். அன்று ராத்திரி சாப்பாட்டில் சத்தமே இல்லை. ஐஸ்கிரீம் கவுண்டரில் எப்போதும் “மை பிரண்ட்” என்று தோளில் தட்டும் பையன் ஒருவன் கிண்ணத்தை நீட்டினான், வாங்கினான், போனான். இருபது வயதுகூட இருக்காது. கூடுதல் படை என்றால் புது ஆட்களை மட்டும் அல்ல, இருக்கிற ஆட்களையே இழுத்துப் பிடிப்பதும்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

துப்பாக்கியோடுதான் சாப்பிட வருவார்கள். வாசலில் மணல் டிரம்முக்குள் குழலை நுழைத்து, உள்ளே குண்டு இல்லை என்று காட்டிவிட்டு வர வேண்டும். பிறகு அதை நாற்காலிக்கு அடியில் கிடத்திவிடுவார்கள். எங்களோடு இருந்த சிவகங்கைப் பையனுக்குத் தரை துடைக்கிற வேலை. துப்பாக்கியைத் தொடக் கூடாது. “அண்ணே, கால் கூட நகருது, இது நகர மாட்டேங்குது” என்று மாப்பை வளைத்து வளைத்துத் துடைப்பான்.

அந்த ஆண்டுதான் அமெரிக்கர்கள் அந்தப் போரில் மிக அதிகம் செத்தார்கள்; 900 பேருக்கு மேல். ஆண்டின் பின்பாதியில் வன்முறை குறைந்ததும் உண்மை. எங்களுக்கே பங்கருக்கு ஓடுவது குறைந்தது. செப்டம்பரில், ஈராக்கில் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் பெட்ரேயஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வரைபடங்களோடு உட்கார்ந்து அதைச் சொன்னார். புஷ்ஷின் பிடிவாதம் பலித்தது என்று இன்றும் எழுதுகிறார்கள். நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். அன்பார் மாகாணத்தில் சன்னி பழங்குடியினர் 2006லேயே அல்கொய்தாவுக்கு எதிராகத் திரும்பியிருந்தார்கள். பின்னால் அமெரிக்கப் பணமும் கைக்கு வந்தது. 2007 ஆகஸ்டில் ஷியா மதகுரு முக்ததா அல் சதர் தன் படையை அடக்கிவைத்தார். பாக்தாதில் பல பேட்டைகளில் கொல்வதற்கு எதிர்ப்பிரிவு ஆட்களே மிஞ்சவில்லை. அதெல்லாம் ஒரு ஜனாதிபதி கையெழுத்தில் நடந்ததல்ல. கிடைத்த அமைதியில் பாக்தாத் அரசியல்வாதிகள் சமரசம் ஆவார்கள் என்பதுதான் கணக்கு. அது நடக்கவில்லை. 2014இல் மொசூல் நகரம் ஐ.எஸ். கையில் விழுந்தது.

நான் அதற்கு வெகு முன்பே ஊர் திரும்பி, கடனை அடைத்துவிட்டேன். 2009 டிசம்பரில் ஒபாமா ஆப்கானிஸ்தானுக்கு 30,000 பேரைக் கூடுதலாக அனுப்புவதாக அறிவித்தார். பொங்கல் முடிந்த கையோடு பழைய ஏஜென்ட் போன் செய்தான். அங்கே பக்ராம் தளத்தில் ஆள் எடுக்கிறார்கள், அனுபவம் இருந்தால் சம்பளம் கூட என்றான். நான் மாட்டேன் என்றேன். என் மச்சானின் நம்பரை வாங்கிக்கொண்டான்.