வின்மெயின் யாருங்க?

கல்லூரிகள் திறந்து ஒரு மாதம் போனால், பொங்கலூரில் என் வீட்டுத் திண்ணைக்கு லேப்டாப்புகள் வர ஆரம்பித்துவிடும். கோவை–திருச்சி சாலையில் பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. தறி, கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு, காற்றாலை. பஸ் ஏறினால் திருப்பூர் பனியன் கம்பெனிகள். அந்தக் கம்பெனிகள் சிலவற்றுக்கு பீஸ் ரேட் கணக்குப் போடும் புரோகிராம் எழுதிக்கொடுத்துப் பிழைக்கிறவன் என்பதால், கம்ப்யூட்டரில் எது கெட்டாலும் என்னிடம் அனுப்பிவிடுகிறார்கள். பிரிண்டர் சிக்கிக்கொண்டது என்று வருகிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம். முதல் வருஷம் படிக்கிற பிள்ளைகள் வந்து, "அண்ணா, ஓடமாட்டேங்குதுங்க" என்று நிற்பதுதான் மனதைப் பிசைகிறது.

எது ஓடவில்லை என்று பார்த்தால் ஐந்தாறு வரி சி++ புரோகிராம். பெரும்பாலும் அதில் குற்றம் இருக்காது. அதை இயந்திர மொழிக்கு மாற்றவேண்டிய கம்பைலர் எங்கே இருக்கிறது என்று விண்டோஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பிள்ளை இரண்டு ராத்திரி தூங்காமல் உட்கார்ந்துவிட்டு, "எனக்குக் கோடிங் வராதுங்க போல" என்று முடிவுகட்டிக்கொண்டு வந்திருக்கும். கோடிங்கை அது இன்னும் தொடவே இல்லை.

கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து, ஜி++ என்று கம்பைலரின் பெயரை அடித்தால், விண்டோஸ் முதலில் தான் நிற்கும் ஃபோல்டரில் தேடும். அங்கே இல்லையென்றால் ‘பாத்’ என்ற பட்டியலில் எழுதியிருக்கும் ஃபோல்டர்களை வரிசையாகப் பார்த்து, முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். எங்கும் இல்லையென்றால் அப்படியொரு கட்டளை தெரியாது என்று கைவிரிக்கும். கம்பைலரின் ‘பின்’ ஃபோல்டரை அந்தப் பட்டியலில் சேர்த்தால் தீர்ந்தது. சேர்த்த பிறகும் ஓடவில்லை என்பார்கள். திறந்து கிடக்கும் கருப்புத் திரை, அது திறந்த நேரத்தில் வாங்கிய பட்டியலையே கையில் வைத்திருக்கும். மூடிவிட்டுப் புதிதாகத் திறக்கவேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தர ஆளில்லாமல் எத்தனை ராத்திரி வீணாகிறது!

இதைவிட ஆபத்து ‘செட்எக்ஸ்’ கட்டளை. இதை அடித்தால் பாத் சேர்ந்துவிடும் என்று ஏதாவது ஒரு வீடியோ சொல்லும். அந்தக் கட்டளை 1024 எழுத்துக்கு மேல் இருப்பதை வெட்டி எறிந்துவிடும். ஏற்கெனவே நீண்ட பட்டியல் இருக்கும் லேப்டாப்பில் அடித்தால், நேற்றுவரை ஓடிய ஜாவாவும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். விண்டோஸ் அமைப்புகளுக்குள் போய், என்விரான்மென்ட் வேரியபிள்ஸ் ஜன்னலைத் திறந்து, ஒரு வரியைக் கையால் சேர்ப்பதே நல்லது.

அடுத்த தொல்லை, ஒரே லேப்டாப்பில் இரண்டு மூன்று கம்பைலர்கள். பிளஸ் ஒன் படிக்கும்போது போட்ட டெவ் சி++ தன்னுடன் ஒன்றைக் கொண்டுவந்திருக்கும். கல்லூரியில் போடச்சொன்ன கோட் பிளாக்ஸ் இன்னொன்றைக் கொண்டுவரும். பட்டியலில் எது முந்தி நிற்கிறதோ அதுதான் ஓடும். ‘வேர் ஜி++’ என்று அடித்தால் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டிவிடும். பவர்ஷெல்லில் ‘வேர்’ என்பதற்கு வேறு வேலை உண்டு, அங்கே ‘வேர்.எக்ஸி’ என்று முழுசாக அடிக்கவேண்டும்.

பெயரிலும் வினை வரும். புது லேப்டாப் பயனர் பெயர் கேட்டதும், பள்ளி வருகைப் பதிவேட்டில் இருக்கிற மாதிரியே இனிஷியல், ஓர் இடைவெளி, பிறகு பெயர் என்று பிள்ளைகள் போட்டுவிடுகிறார்கள். அதே பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகி, எழுதும் எல்லாம் அதற்குள்தான் போய்ச்சேரும். கம்பைல் வேலையை நடத்தும் ‘மேக்’ போன்ற பழைய கருவிகளுக்கு இடைவெளி வந்தால் ஒரு பெயர் முடிந்து அடுத்த பெயர் தொடங்குகிறது என்று பொருள். ஆகவே இனிஷியல் ஒரு ஃபைல், பெயர் ஒரு ஃபைல். இரண்டும் காணவில்லை என்று அது புலம்பும். மைக்ரோசாஃப்ட் கணக்கு வழியாக உள்ளே போனால் ஃபோல்டருக்கு மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துதான் பெயர். கார்த்திகேயன் ‘கார்த்’ ஆகிவிடுவான். இடைவெளித் தொல்லையாவது இல்லை.

ஒரு பையனின் லேப்டாப்பில் பயனர் பெயர் தமிழிலேயே இருந்தது. அப்பா தமிழ்ப்பற்று உள்ளவர். விண்டோஸில் பழைய கருவிகள் ஃபைல் பெயரைப் படிப்பது அந்தந்த மொழிக்கென்று வைத்திருந்த எழுத்து அட்டவணை வழியாக. தமிழுக்கு அப்படி ஓர் அட்டவணை விண்டோஸில் இருந்ததே இல்லை. விண்டோஸ் 2000-இல் தமிழ் நேராக யுனிகோடு வழியாகத்தான் உள்ளே வந்தது. அதனால் அந்தக் கருவிகளுக்குப் பையனின் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகப் போய்ச்சேரும். சி டிரைவில் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், சின்னதாக ஒரு ஃபோல்டர் போட்டு அதற்குள் வேலைசெய்யச் சொன்னேன். சொந்தப் பெயரை ஒளித்துவைத்துவிட்டு வேலைசெய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, சொல்லத்தான் வேண்டியிருந்தது. புதிய கருவிகளில் இந்தச் சங்கடம் குறைந்து வருகிறது.

ஆங்கிலத்தில் வைத்தால் மட்டும் தப்பித்துவிட முடியாது; ஃபோல்டர் பெயர்களைப் பிரிக்கும் குறியிலும் வினை இருக்கிறது. விண்டோஸுக்கு முன்னோடியான டாஸ் 1981-இல் முதலில் வந்தபோது அதில் ஃபோல்டர்களே கிடையாது; சாய்கோடு கட்டளைகளின் விருப்பங்களைக் குறிக்கப் பயன்பட்டது. 1983-இல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது சாய்கோடு ஏற்கெனவே வேறு வேலையில் இருந்ததால், பாதையைப் பிரிக்கப் பின்சாய்கோடு வந்தது. சி மொழியிலோ பின்சாய்கோடும் ‘டி’ எழுத்தும் சேர்ந்தால் டேப், ‘என்’ சேர்ந்தால் புதிய வரி. திருப்பூர் என்ற ஃபோல்டருக்குள் நொய்யல் என்ற ஃபோல்டர் வைத்து, அந்தப் பாதையைப் புரோகிராமுக்குள் ஆங்கிலத்தில் அப்படியே எழுதிப்பாருங்கள். ஊரும் போய்விடும், ஆறும் போய்விடும்.

இதெல்லாம் கல்லூரிக்குப் போனபிறகு வருகிற தொல்லை என்று நினைக்கவேண்டாம். 2019-இல் வந்த தமிழக அரசின் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில், சி++ புரோகிராமைப் பைத்தானுக்குள் கொண்டுவருவது என்று ஒரு பாடம் இருக்கிறது. பைத்தான் புரோகிராம் ஒன்று, கட்டளை வரியிலிருந்து ஃபைல் பெயரை வாங்கி, மின்ஜிடபிள்யூ என்ற கம்பைலர் தொகுப்பின் ஜி++-ஐக் கூப்பிட்டு, சி++ ஃபைலைக் கம்பைல் செய்து, வந்த எக்ஸி ஃபைலை ஓட்டவும் செய்யும். பெரிய மென்பொருள் நிறுவனங்களில் இதற்கென்றே ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்த வேலையின் குட்டி வடிவம் இது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கத் துணிந்தவர்களை நான் மெச்சுகிறேன். ஆனால் அது ஓடவேண்டுமென்றால் பைத்தானும் ஜி++-உம் பாத்தில் இருக்கவேண்டும், ஃபைல்கள் சொன்ன இடத்தில் இருக்கவேண்டும். தாளில் மனப்பாடமாக எழுதினாலே மதிப்பெண் கிடைத்துவிடும் என்பதால், ஓட்டிப்பார்க்காமலே அந்தப் பாடத்தைத் தாண்டிவந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தலைப்புக்கு வருகிறேன். பெருந்தொழுவிலிருந்து வந்த ஒரு பெண், திரையைக் காட்டிக் கேட்டாள்: "அண்ணா, வின்மெயின் காணோம்னு வருதுங்க. நான் வின்மெயின்னு எங்கயுமே எழுதலைங்களே? யாருங்க அது?"

நியாயமான கேள்வி. கம்பைல் செய்வது என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது, திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஜாப் ஒர்க்கில் கைமாறிப்போகிற மாதிரிதான் நடக்கிறது. ஓரிடத்தில் நிட்டிங், ஓரிடத்தில் டையிங், ஓரிடத்தில் கட்டிங். கடைசியில் தைக்கிற இடத்தில் முன்பாகம், பின்பாகம், கை, கழுத்து ரிப் எல்லாம் ஒன்றுசேரவேண்டும். புரோகிராமில் அந்தத் தையல்காரர் லிங்கர். துணியில் ஓட்டை என்றால் முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். அது கம்பைலரின் பிழைச்செய்தி. ரிப் வந்துசேரவில்லை என்று கடைசியில் நிறுத்துகிறவர் லிங்கர். மின்ஜிடபிள்யூவில் லிங்கர் முதலில் ‘மெயின்’ என்ற பகுதியைத் தேடும், புரோகிராம் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்பதால். அது கிடைக்காவிட்டால், ஜன்னல் வைத்த விண்டோஸ் புரோகிராமாக இருக்குமோ என்று எண்ணி ‘வின்மெயின்’ என்பதைத் தேடும். அதுவும் இல்லையென்றால், கடைசியாகத் தேடியதன் பெயரைச் சொல்லிப் புலம்பும்.

அந்தப் பெண் மெயினை ஒழுங்காகத்தான் எழுதியிருந்தாள். விஎஸ் கோடில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. சேமிக்கவில்லை. டிஸ்க்கில் இருந்தது காலி ஃபைல். லிங்கர் பொய் சொல்லவில்லை. கன்ட்ரோல் எஸ் அடித்ததும் ஓடியது. அவள் சிரித்ததைவிட, ‘வின்மெயின் யார்’ என்று கேட்டாளே, அதுதான் எனக்குப் பிடித்தது. முக்கால்வாசிப் பேர் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் ஜன்னலை மூடிவிடுகிறார்கள்.

விஎஸ் கோடைப் பற்றி ஒரு சொல். அது எழுதும் இடம் மட்டும்தான், உள்ளே கம்பைலர் கிடையாது. அதை இறக்கியதும் எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிக் காத்திருக்கும் பிள்ளைகள் அனேகம்.

முன்னே சொன்ன ‘மேக்’ கருவிக்கு ஒரு கதை உண்டு. 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவ் ஜான்சன் ஒரு காலைப்பொழுது முழுக்க, ஏற்கெனவே திருத்திவிட்ட பிழையைத் தேடிக்கொண்டிருந்தாராம். ஃபைலைத் திருத்தியிருந்தார்; ஆனால் அது மறுபடி கம்பைல் ஆகவில்லை. அவர் வந்து திட்டித் தீர்த்ததைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், எது மாறியதோ அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்கிற கருவியை அந்த வார இறுதியில் எழுதத் தொடங்கினார். அதில் கட்டளை வரிகள் டேப்பில் தொடங்கவேண்டும் என்று வைத்துவிட்டார். அது சரியில்லை என்று பிறகு தோன்றியும் மாற்றவில்லை. அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதே என்று! அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்காக இன்றைக்கும் உலகம் முழுக்கப் பிள்ளைகள் டேப்புக்குப் பதில் இடைவெளி போட்டு, ‘பிரிப்பானைக் காணோம்’ என்று திட்டு வாங்குகிறார்கள். ஃபெல்ட்மனுக்கு 2003-இல் ஏசிஎம் அமைப்பு விருது கொடுத்தது. கருவி அதற்குத் தகுதியானதுதான்.

சில லேப்களில் இன்றும் டர்போ சி++ ஓடுகிறது. எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. போர்லாண்ட் 1990-களின் தொடக்கத்தில் டாஸுக்காகக் கொடுத்த 16 பிட் கருவி அது. 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது; டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். சி++ மொழிக்கு முதல் உலகத் தரம் வந்ததே 1998-இல். அதற்கு முந்தைய பழக்கங்களைப் படித்துவந்த பிள்ளை, வீட்டில் புதிய ஜி++-இல் ‘கிளியர்ஸ்கிரீன்’ என்று எழுதி அடி வாங்குகிறது.

காசு விஷயமும் இருக்கிறது. பைத்தானில் ஒரு பொதியைப் போடப்போனால் சில சமயம் விஷுவல் சி++ பில்ட் டூல்ஸ் வேண்டும் என்று நின்றுவிடும். அது பல ஜிபி. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் இருப்பது ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி தருகிற மொபைல் டேட்டா. அதை வீட்டில் எல்லோரும் பங்குபோடவேண்டும். இத்தனைக்கும், அரசு 2011 முதல் கொடுத்த இலவச லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியன் லினக்ஸின் வழிவந்தது என்பதால் கம்பைலரை ஒரே கட்டளையில் போட்டுவிடலாம். அந்தப் பக்கம் போய்ப் பார் என்று சொல்ல ஆளில்லாமல் அது தூங்கியே கிடந்தது.

கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ஆசிரியர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். லேப்பின் முதல் வகுப்பில் எல்லாம் தயாராகப் போட்டுவைத்த கணினியைக் கொடுக்காதீர்கள். டபிள்யூ64டெவ்கிட் போல, நிறுவாமலே ஓடுகிற கம்பைலர் தொகுப்புகள் பென்டிரைவிலேயே அடங்கும். அதைக் கொடுத்துப் பிள்ளைகளையே பிரிக்கவிடுங்கள், பாத்தை அவர்களே எழுதட்டும். எழுதியதை அழித்துவிட்டு என்ன செய்தி வருகிறது என்று வாய்விட்டுப் படிக்கச்சொல்லுங்கள். இருபது பிழை வந்தால் முதல் பிழையை மட்டும் பார்க்கச்சொல்லுங்கள். மிச்சத்தில் பாதி அதன் விளைவாகத்தான் வந்திருக்கும். வணக்கம் சொல்லும் ஐந்து வரியை இரண்டாவது வகுப்பில் எழுதிக்கொள்ளலாம்.