ஜாஸ் இசை கற்பித்த பாடம்

இசைக்கு எல்லையில்லை என்பர் பலர். ஆயினும், இசைவாணர்க்கு எல்லை வகுத்த நாடுகளும் உண்டு. ஜாஸ் என்னும் அமெரிக்க இசையின் வரலாற்றை இவ்வாண்டு ஓய்வு நேரங்களிற் கற்றுவந்த யான் இதனை நன்கு உணர்ந்தேன்.

ஜாஸ் பிறந்த பதி, மிசிசிப்பி யாற்றங்கரையிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரம். ஆப்பிரிக்காவினின்று கொணரப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட மக்கள் ஞாயிறுதோறும் அந்நகரத்துக் காங்கோ சதுக்கத்திற் கூடி, முரசு கொட்டி ஆடினர். அவர் கூடுதற்குரிய நாளையும் இடத்தையும் 1817-ஆம் ஆண்டின் நகர ஆணை வரையறுத்தது. வயலிற் பாடிய தொழிற்பாட்டும், எகிப்தினின்று மீண்ட இஸ்ரவேலரைத் தமக்கு ஒப்பாகக் கண்டு பாடிய ஞானப்பாட்டும், பின்னெழுந்த புளூஸ் என்னும் துயரப்பாட்டும், ஐரோப்பியக் குழற்கருவிகளும் ஒருங்கு கலந்தே ஜாஸ் உருவாயிற்று.

1865-இல் அடிமைமுறை ஒழிந்தது; இழிவோ ஒழிந்திலது. புகைவண்டியில் இனத்திற்கேற்பத் தனிப்பெட்டி வகுத்தல் முறையே என 1896-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கிற்குரிய பிளெஸ்ஸி என்பாரும் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தவரே.

கறுப்பின மக்கள் வளர்த்த இவ்விசையை 1917-இல் முதன்முதல் இசைத்தட்டிற் பதித்தோர் வெள்ளையர் ஐவர். 1927 முதல் ட்யூக் எலிங்டன் நியூயார்க் நகரத்துக் காட்டன் கிளப்பில் வாசித்துப் பெரும்புகழ் பெற்றார். வாசித்தவர் கறுப்பர்; அமர்ந்து கேட்டவரோ வெள்ளையர். அம்மேடையேறியோரின் இனத்தார் விருந்தினராக வரின் அவர்க்கு வாயில் திறவாது! இசையை விரும்பினர்; இசைத்தானை விரும்பிலர்.

லூயி ஆம்ஸ்ட்ராங் என்னும் பெரியார் இதனைப் பொறுத்திலர். இருவேறினத்தார் ஒரே மேடையில் வாசித்தலை 1956-இல் லூசியானா மாநிலச் சட்டம் விலக்கியது. அவர்தம் குழுவிலோ இருவினத்தாரும் இருந்தனர். தோழரைப் பிரித்து வாசிக்க மனமொவ்வாத அவர், தாம் பிறந்த நியூ ஆர்லியன்ஸ் நகரில் 1965 வரை வாசித்திலர்.

"தமிழ் பயிலும் நினக்கு இஃது எற்றுக்கு?" என நண்பர் சிலர் வினவுகின்றனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதியும் குழலோன் அமைதியும் கற்கின்றோம். அக்கலைஞர் எத்தெருவில் வாழ்ந்தனர், எவ்வாயில் அவர்க்கு அடைத்திருந்தது எனவும் வினவுதல் வேண்டுமன்றோ? கலையைப் போற்றிக் கலைஞனைப் புறத்தே நிறுத்துவது எந்நாட்டினும் அறமாகாது. இவ்வினாவை எனக்குத் தந்தது ஜாஸ். இனி எவ்விசையைக் கேட்பினும், பாடுவார் யாவர், அவர் எங்கு நிற்கின்றனர் என என் கண்ணும் தேடும்.