எஞ்சினைத் தாங்கும் ஐந்தடி இரும்பு

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் இருக்கிறது மங்களூர் ஒன்றியம். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் மானாவாரி பூமி. இங்கே பழைய கார் சொகுசுக்காக நிற்பதில்லை. உர மூட்டை, ஸ்பிரேயர், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அம்மா என்று எல்லாவற்றுக்கும் அதுதான் வண்டி. அறுவடை நேரத்தில் அதன் கிளட்ச் போனால் கை ஒடிந்த மாதிரிதான்.

அப்படித்தான் நின்றது ஒரு விவசாயியின் மாருதி 800. ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்தியது, வண்டி ஏறவில்லை. விருத்தாசலத்தில் விட்டால் நான்கைந்து நாள் ஆகும் என்றார்கள். ஊரிலேயே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மச்சினனுக்குக் கார் வேலையும் தெரியும். "கியர் பாக்ஸை இறக்கிடலாம் மாமா. எஞ்சினை எது புடிச்சிக்கும்?" என்று கேட்டார் அவர்.

முன்சக்கரம் இழுக்கும் இந்தக் காரில் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றாகப் பூட்டப்பட்டிருக்கும். இரண்டின் பாரத்தையும் மவுண்டிங்குகள் தாங்கும். கியர் பாக்ஸைக் கழற்றினால் அந்தப் பக்கத்துப் பிடிப்பு போய், எஞ்சின் சாயும். "அடியில ஜாக்கி வச்சு, செங்கல் அடுக்கிட்டா போதாதா?" என்றார் மாமா. மச்சினன் ஒத்துக்கொள்ளவில்லை. ஜாக்கி இறங்கலாம், செங்கல் நொறுங்கலாம். கீழே படுத்திருப்பது ஆள்.

காயலான் கடையில் கனமான இரண்டு அங்குலச் சதுர இரும்புக் குழாய் ஐந்தடிக்குக் கிடைத்தது. கால் உட்காரும் இடங்களின் இடைவெளிக்கு ஏற்ப இருபக்கமும் கால் வைத்து வெல்டிங் செய்தார். காலுக்கடியில் பழைய டயர் துண்டு. கால்கள் உட்கார வேண்டிய இடம் முக்கியம்: மெல்லிய மட்காட் தகட்டின் மேல் வைத்தால் நசுங்கும்; பானெட்டுக்குள் இருபுறமும் மட்காட் போல்ட்டுகள் வரிசையாக இருக்கும் உறுதியான விளிம்பில்தான் வைக்க வேண்டும். குழாயின் நடுவே துளையிட்டு, மரை வெட்டிய கம்பியை இறக்கி, மேலே தடித்த வாஷரும் நட்டும் போட்டார். கம்பியின் கீழ்முனையில் சங்கிலி. அந்தச் சங்கிலியை எஞ்சினைத் தூக்குவதற்கென்றே உள்ள கொக்கியில் மாட்டினார். நைலான் கயிறு இழுபடும் என்பதால் அதைத் தொடவே இல்லை.

நட்டை முறுக்கினால் கம்பி மேலேறும். எஞ்சினைத் தூக்க வேண்டியதில்லை. மவுண்டிங் ரப்பரின் பாரம் குறைந்தால் போதும். அங்கே நிறுத்தி, எஞ்சினை ஆட்டிப் பார்த்து, குழாய் வளைகிறதா, கால் நகர்கிறதா, வெல்டிங் விடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த போல்ட்டில் ஸ்பேனர் வைத்தார். பேட்டரி ஒயரை முதலிலேயே கழற்றியாகிவிட்டது. வண்டி சமதளத்தில், இரும்பு ஸ்டாண்டுகள் மேல் நின்றது.

ஜாக்கிக்கும் வேலை இருந்தது: பலகை வைத்து கியர் பாக்ஸை ஏந்தியபடியே நேராகப் பக்கவாட்டில் இழுப்பது. அதன் பாரம் ஷாஃப்டில் தொங்கினால் புதுத் தட்டும் கோணிவிடும். தட்டோடு பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் மாற்றினார்கள். மறுபடி இதே வேலைக்குக் கியர் பாக்ஸை இறக்கக் கூடாதல்லவா? ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்த்தார்கள். உள்ளே படிந்த தூசியை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தார்கள். அது நுரையீரலுக்கு ஆகாது.

மறுநாள் மாலை வண்டி ஓடியது. உடனே மாமா, "டிராக்டருக்கும் இதையே வச்சுக்கலாமே" என்றார். அது கூடாது. பெரும்பாலான டிராக்டருக்குத் தனிச் சட்டம் கிடையாது. எஞ்சினும் கியர் பாக்ஸும்தான் அதன் முதுகெலும்பு. கிளட்ச் மாற்ற டிராக்டரையே இரண்டாகப் பிரிக்க வேண்டும். இரண்டு பாதிக்கும் அடியில் தனித்தனி ஸ்டாண்டு வேண்டும். முன் அச்சு ஆடாமல் இருபுறமும் ஆப்பு அடிக்க வேண்டும். அந்த வசதி உள்ள பட்டறையில்தான் அதைச் செய்ய வேண்டும். ஐந்தடிக் குழாயை நம்பி டிராக்டருக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது.