எந்த நகருக்குக் குடிபோவது?



கணவருக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வெளிநாட்டில் வேலை. குடும்பத்தோடு போகலாம் என்கிறார். பல்லேபொல வீட்டைப் பூட்டுமுன் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். திரும்பி வரும் நாளையும் எண்ணிப் பாருங்கள்.

தோஹாவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. இலங்கைப் பிள்ளைகளுக்கென ஸ்டஃபர்ட் பள்ளியும் உண்டு. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வெயில் 40 பாகையைத் தாண்டும். பிள்ளைகள் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்பார்கள்.

கோலாலம்பூரின் மழையும் பசுமையும் மாத்தளையை நினைவூட்டும். ஹலால் உணவுக்கு அலைய வேண்டாம். மஸ்ஜித் இந்தியா வட்டாரக் கடைகளில் தமிழிலேயே பேசி வாங்கலாம். ஆனால் வெளிநாட்டார் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தனியார் பள்ளிதான். கட்டணத்தை முன்கூட்டியே விசாரியுங்கள்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளிப் பாடமும்கூட. ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் தமிழில் குத்பா கேட்கலாம். ஆயினும் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள, கணவரின் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டொலராவது இருக்க வேண்டும்.

உம்மும்மாவையும் மறவாதீர்கள். பல்லேபொலவில் இரவு 8 மணிக்கு அவர் தொலைபேசியை எடுத்தால், தோஹாவில் மாலை 5.30. மற்ற இரு நகரங்களிலும் இரவு 10.30, பேரப்பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள்.

சின்னப் பிள்ளைகள் எங்கும் பழகிக்கொள்வார்கள். தமிழ் மொழிமூலம் படித்து, சாதாரண தரப் பரீட்சையை நெருங்கிவிட்ட பிள்ளைக்கோ, இடையில் ஆங்கிலத்துக்கு மாறி மீண்டும் வருவது பெரும் பாரம். அது முடியும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது. மற்றவர்கள், உடுப்புகளோடு நம் பாடநூல்களையும் பெட்டியில் வையுங்கள்.