திரை இழுத்தவர்

மேடையில் நின்று பிறரை அழவைப்பதினும் சிரிக்கவைப்பது கடினம் என்பர். 1994ஆம் ஆண்டில் அதன் உண்மையை நாங்கள் உணர்ந்தோம். சிரிப்புக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்க நேரிடும் என்பதையும் அவ்வாண்டே கற்றோம்.

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவதென முடிவாயிற்று. ஆசிரியர் இருவர், அஞ்சலக ஊழியர், மளிகைக் கடைக்காரர், கல்லூரி மாணவர் மூவர், இவர்களே நடிகர்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யைத் தேர்ந்தெடுத்தோம். 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்து, கற்றோரும் ஊதியம் கருதாது மேடையேறலாம் எனக் காட்டியவர் அவர்; நீதிபதியாகவும் பணியாற்றியவர். அவரே அரிதாரம் பூசியபோது நமக்கென்ன கூச்சம் என்று தேற்றிக்கொண்டோம்.

1941இல் திரைப்படமாகவும் வந்த கதை அது. எசமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. வேலைக்காரனோ சொல்லின் கருத்தை விட்டுச் சொல்லையே பற்றிக்கொள்பவன். "கதவைப் பார்த்துக்கொள்" என்றால் இமை கொட்டாமல் கதவையே பார்த்து நிற்பதாக, எங்கள் பங்குக்கும் ஒரு காட்சியைச் சேர்த்துக்கொண்டோம்.

ஒத்திகையில் சிரிப்பு வரவில்லை. நகைச்சுவைக்குச் சொல்லைவிட, சொல்லுக்கு முன் விடும் மௌனமே உயிர். எங்களுக்கோ பொறுமையில்லை, குறுக்குவழி தேடினோம். படிப்பகத்தைத் திறந்து பூட்டும் முதியவருக்குத் திக்குவாய். சொல் தடைப்படும்போது தோள்துண்டை முறுக்குவார். ஒரு மாலை, வேலைக்காரன் வேடமேற்றவர் அதனை அப்படியே செய்துகாட்டினார். விழுந்து விழுந்து சிரித்தோம். "இதையே வைத்துக்கொள்வோம்" என்றோம். நடித்தவர் ஒருவர், கேட்டு வாங்கியவர்களோ நாங்கள் அனைவரும்.

விழா இரவில் கொட்டகை அதிர்ந்தது. திரைக்கயிறு இழுக்கும் பொறுப்பு அம்முதியவருடையது. மேடையோரம் கயிற்றைப் பிடித்து நின்ற அவரும் முதலில் சிரித்தார். பின்னர் துண்டை முறுக்கும் காட்சி வந்தது. கூட்டம் முழுவதும் மேடையைப் பார்த்திருக்க, முன்வரிசையில் இருந்த அவருடைய பேத்தி மட்டும் தாத்தா நின்ற பக்கம் திரும்பினாள். அவர் தம் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை.

மறுநாள் முதல் அவர் எங்களிடம் பேசவில்லை. முகத்தில் சினமில்லை, எதைக் கேட்டாலும் தலையசைப்பார், அவ்வளவே. முன்பெல்லாம் நாளிதழை நீட்டும்போதே அன்றைய செய்தியைத் திக்கித் திக்கியேனும் சொல்லி முடிப்பவர். நான்காம் நாள் எல்லோருமாகச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அதற்கும் தலையசைப்பே விடை.

அடுத்த மாதம் பக்கத்து ஊரிலிருந்து அழைப்பு வந்தது. திக்குவாயை நீக்கினோம். இனிச் சிரிப்பு ஏது என்ற அச்சத்தோடு நாடகத்தை மீண்டும் படித்தோம். அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. வேலைக்காரனின் அறியாமையைக் கண்டு நகைக்கும் நமக்கு, அதே பெயரைத் தாங்கிய எசமானனைப் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார் ஆசிரியர். அவனும் அறிவில் பெரியவனல்லன். கீழே நிற்பவனை மட்டும் பார்த்துச் சிரிக்க அந்நாடகம் இடம் தரவேயில்லை. அவ்விடத்தை வலிந்து உண்டாக்கியவர்கள் நாங்கள்.

புது ஊர் மேடையில் வேலைக்காரன் கதவைப் பார்த்து நின்றான். நாங்கள் அவசரப்படாமல் காத்திருந்தோம். பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு ஊரே சிரித்தது. ஆனால் காட்சி முடிந்தும் திரை விழவில்லை. செய்வதறியாது மேடையில் விழித்து நின்றோம். சற்றுப் பொறுத்தே திரை அசைந்து வந்தது.

திரும்பும் பேருந்தில் அதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. முன் இருக்கையில் இருந்த முதியவர் மெல்லத் திரும்பினார்.

"தெ... தெரையப் பாத்துக்கன்னு சொன்னீங்க தம்பி. பாத்துக்கிட்டே நின்னேன். இ... இழுக்கணும்னு சொல்லலையே."

சிரிக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. துண்டை முறுக்கியபடியே அவர்தாம் முதலில் சிரித்தார்.